பொம்மையிடம் பேசிப் பழகுங்கள்: நர்சிங், பாராமெடிக் மாணவர்களுக்கு ஒரு கைப்பயிற்சி வழிகாட்டி

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பொம்மைகளை வைத்துப் பழகும் ஸ்கில் லேபில், ரப்பர் கையில் லைன் (மருந்து ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழல்) போடுவதில் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஊசி இறங்குவதிலிருந்து பிளாஸ்டர் ஒட்டுவது வரை ஒரு தடங்கல் இருக்காது. முதல் வார்டு போஸ்டிங்கில் அவளுக்கு வந்தது எழுபது வயதுப் பாட்டி. ட்ரேயைக் கொண்டுபோய் வைத்தாள், நரம்பு புடைக்கக் கட்டும் பட்டையான டூர்னிக்கேயைக் கையில் கட்டினாள், ஊசியை எடுத்தாள். பாட்டி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "என்னம்மா பண்ணப் போற? சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

மாணவிக்குப் பேச்சே எழவில்லை. பின்னால் நின்றிருந்த எனக்குத்தான் சுருக்கென்றது. லேபில் அவளுக்கு முழு மார்க் போட்டவள் நான். அந்த ரப்பர் கையிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை.

அதற்குப் பிறகு என் லேபில் ஒரு விதி வந்தது. பொம்மைக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, வலியும் உண்டு. பேசாமல் தொட்டால் மார்க் இல்லை. கை பழகும்போதே வாயும் பழக வேண்டும்; தனித்தனியாகப் பழகினால் வார்டில் இரண்டும் ஒன்று சேராது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

இது புது யோசனையும் இல்லை. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு ஆள் உயரப் பொம்மை ஒன்று வந்தது. மார்த்தா சேஸ் என்ற பொம்மைக் கலைஞர் செய்தது. மாணவிகள் அதை 'மிஸஸ் சேஸ்' என்றே அழைத்தார்கள். நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுக்கும் சிபிஆர் பழக இன்று உலகம் முழுக்க இருக்கும் 'ஆன்' பொம்மையை 1960இல் நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டல் கொண்டுவந்தார். பாரிஸின் சேன் ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம்தான் அதற்கு. பழகுகிறவர்களுக்கு எதிரே ஒரு மனுஷி படுத்திருப்பது போல இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள்.

லேபுக்குள் போகும் முன்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் டைட்டர் (எதிர்ப்புப் பொருளின் அளவு) பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். சேர்ந்த வருஷமே தொடங்கிவிடுங்கள். போஸ்டிங் தேதி வந்த பிறகு ஓடினால் ஆறு மாதத்துக்கு எங்கே போவது?

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல் வேண்டாம். செகண்ட் முள் இருக்கிற கடிகாரம் ஒன்று வாங்குங்கள். அதைச் சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி வாங்கினால் கை கழுவ வசதி.

செமஸ்டர் முறைக்கு மாறிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் ஒரு கிரெடிட் தியரிக்கு 20 மணி நேரம், லேபுக்கு 40, வார்டுக்கு 80. லேப் நேரத்தை 'பொம்மை கிளாஸ்' என்று தள்ளிவிட்டு ரெக்கார்டு எழுத உட்காருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தவறு செய்ய அனுமதி இருக்கிற ஒரே இடம் அந்த அறைதான்.

டெமோ: நான்கு முறை பாருங்கள்

டீச்சர் ஒரு முறை செய்து காட்டுவார், நாற்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் "சரி, நீங்க செய்யுங்க". இப்படிக் கற்றது நிற்காது. பெய்டன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் பரப்பிய நான்கு கட்ட முறை இருக்கிறது. முதலில் டீச்சர் பேசாமல், நோயாளியிடம் செய்கிற அதே வேகத்தில் செய்வார். இரண்டாவது முறை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிக்கொண்டே செய்வார். மூன்றாவது முறை நீங்கள் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னதை மட்டும் அவர் செய்வார். நான்காவது முறை நீங்களே சொல்லி, நீங்களே செய்ய வேண்டும்.

மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். உண்மையில் அதுதான் உயிர். "அடுத்து என்ன செய்யணும்?" என்று டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பதே தெரியவரும். உங்கள் கல்லூரியில் இது இல்லையா? இரண்டு தோழிகள் போதும். ஒருத்தி சொல்லட்டும், ஒருத்தி செய்யட்டும், மூன்றாமவள் செக்லிஸ்ட்டைப் பார்த்து டிக் போடட்டும்.

ஒரு லைனை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

லேப் மேசையில் ரப்பர் கை. பக்கத்தில் ஒரு கார்டு: செல்வி, 42 வயது, இரண்டு நாளாக வாந்தி, பேதி. டாக்டர் லைன் போட்டு என்எஸ் (உப்புநீர் திரவம்) ஏற்றச் சொல்லியிருக்கிறார். சரி, தொடங்குவோம்.

கையைக் கழுவுங்கள். சோப்பு, தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. கட்டை விரலையும் விரல் நுனிகளையும் மறப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து, ஆளைத் தெரிந்துகொள்வது. "நீங்கதானே செல்வி?" என்று கேட்காதீர்கள். அரைத் தூக்கத்திலும் வலியிலும் இருப்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் "ஆமாங்க" என்றுதான் சொல்வார். "உங்க பேர் என்னங்க? வயசு எத்தனை?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதைக் கேஸ் ஷீட்டோடும் கையில் கட்டியிருக்கும் பேண்டோடும் ஒத்துப்பாருங்கள்.

அப்புறம் சொல்லுங்கள்: "அக்கா, என் பேர் மீனா, நர்சிங் ஸ்டூடண்ட். உடம்புல தண்ணி கொறைஞ்சிருக்கு, குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒண்ணு ஏத்தணும். கையில ஒரு சின்ன ஊசி போடுவேன், எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். சிஸ்டர் பக்கத்துலயே இருக்காங்க. போடலாமா?" இதை ரப்பர் கையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் வகுப்பே சிரிக்கும். மூன்றாம் நாள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எந்தக் கை? வேலை செய்கிற கையை விட்டுவிட்டு மறு கை. டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த வழி) வைத்த கையிலும், மார்பக அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கையிலும் போடக் கூடாது. மூட்டு மடங்கும் இடத்தையும் தவிருங்கள். கேனுலாவின் (ஊசியோடு வரும் பிளாஸ்டிக் குழல்) நிறம் மனப்பாடமாக இருக்க வேண்டும்: 18 கேஜ் பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். எண் கூடக் கூட ஊசி மெலியும். செல்விக்கு 20 போதும். விபத்தில் ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு 18 அல்லது அதைவிடப் பெரியது, இரண்டு கையிலும்.

டூர்னிக்கே, ஊசி போடும் இடத்துக்கு நாலு விரல் அகலம் மேலே. நரம்பைக் கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள். (ரத்தக் குழாயைத்தான் நாம் எல்லோரும் நரம்பு என்கிறோம். நோயாளியிடம் அந்தச் சொல்லே இருக்கட்டும்.) அமுக்கினால் ஸ்பாஞ்சு போல உள்ளே போய்த் திரும்ப எழும்பும். கறுத்த தோலிலும் பருத்த கையிலும் விரல் சொல்வதுதான் நிஜம்.

குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஆல்கஹாலால் 30 விநாடி தேயுங்கள். பிறகு காய விடுங்கள். ஊதக் கூடாது, விசிறக் கூடாது. காய்ந்த பிறகு இன்னொரு தடவை அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் துடைத்ததெல்லாம் வீண். இந்தத் தவறைப் பழைய கைகளும் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யாமல் இருங்கள்.

மறு கையின் கட்டை விரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். ஊசியின் சரிவான முகம் மேலே பார்க்க, 10 முதல் 30 டிகிரிச் சாய்வில் உள்ளே. "இப்ப சுருக்குனு இருக்கும்க்கா." கேனுலாவின் பின்முனையில் இருக்கும் சின்ன அறையில் ரத்தம் தெரிந்ததும் அங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். சந்தோஷத்தில் உடனே ஊசியை உருவிவிடுவார்கள். அப்போது குழாய்க்குள் போயிருப்பது ஊசி முனை மட்டும்தான், பிளாஸ்டிக் குழல் இன்னும் வெளியே நிற்கிறது. ஊசியைத் தாழ்த்தி, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் முன்னே நகர்த்துங்கள். பிறகு ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு குழலை மட்டும் தள்ளுங்கள். தடங்கலில்லாமல் போக வேண்டும்.

முதலில் டூர்னிக்கேயை அவிழுங்கள். அப்புறம் குழல் முனை இருக்கும் இடத்துக்கு மேலே அழுத்திக்கொண்டு ஊசியை எடுங்கள். இந்த வரிசை மாறினால் பெட்ஷீட்டெல்லாம் ரத்தம். எடுத்த ஊசியை எக்காரணம் கொண்டும் மறுபடி குழலுக்குள் விடக் கூடாது. குழல் கிழிந்து, துண்டு ரத்தத்தோடு போய்விடும். ஊசி நேராக வெள்ளை ஷார்ப்ஸ் டப்பாவுக்குள் போக வேண்டும். ட்ரேயில் வைத்துவிட்டு 'அப்புறம் போடலாம்' என்பதில்தான் கை குத்துப்படும்.

என்எஸ் விட்டு ஃப்ளஷ் செய்து பாருங்கள். வீங்குகிறதா, வலிக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டி, தேதியும் நேரமும் எழுதுங்கள். "முடிஞ்சுதுக்கா. வீங்குனாலோ எரிஞ்சாலோ உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லையா? நிறுத்துங்கள், மூத்தவரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை குத்துவது நோயாளிக்காகச் செய்வது இல்லை, நம் ரோஷத்துக்காகச் செய்வது.

சிபிஆர்: எண்ணுவதில் இருக்கும் சிக்கல்

நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். பெரியவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ. தாண்டாமல். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுசாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். நிறுத்தினால் 10 விநாடிக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாத ஒன்று: தமிழில் வாய்விட்டு எண்ணுகிறவர்கள் பத்தைத் தாண்டியதும் வேகம் குறைகிறது. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சட்டென்று வாயில் வரும். 'இருபத்தேழு, இருபத்தெட்டு' நீளம். வாய் இழுக்க இழுக்க கையும் இழுக்கும். ஒன்றிலிருந்து பத்து வரை மூன்று முறை எண்ணுங்கள். ஒவ்வொரு பத்து முடிந்ததும் எதிரே ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) பிடித்திருப்பவர் ஒரு விரல் காட்டட்டும். போனில் மெட்ரோனோம் செயலியை 110இல் வைத்து, சாயங்காலம் பத்து நிமிஷம் தலையணையில் தாளம் மட்டும் பழகலாம். ஆழத்தைத் தலையணையில் பழக முடியாது, அதற்கு கிளிக் சத்தம் வரும் பயிற்சிப் பொம்மை, மேனிகின்தான் வேண்டும்.

லேபில் மேனிகின் தரையில் கிடக்கும், நாம் முட்டி போட்டுச் செய்வோம். வார்டில் நோயாளி மெத்தைமேல் இருப்பார். அழுத்தினால் மெத்தைதான் இறங்கும். அதனால் மேனிகினைக் கட்டில்மேல் தூக்கிப் போட்டு, முதுகுக்கடியில் பலகை வைத்துப் பழகுங்கள். குள்ளமாக இருப்பவர்களுக்கு ஸ்டூல் தேவை. அந்த ஸ்டூலை யார் கொண்டுவருவது என்பதையும் சேர்த்தே பழகுங்கள்.

ஆம்பு பேக்கில் பயத்தில் வேகவேகமாக அமுக்குவது எல்லோரும் செய்யும் பிழை. ஒரு மூச்சுக்கு ஒரு விநாடி, மார்பு லேசாக எழும்பினால் போதும். அதிகமாகக் காற்று போனால் வயிறு உப்பி வாந்தி வரும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட பிறகு 6 விநாடிக்கு ஒரு மூச்சு.

சினாரியோ: பொம்மைக்கு வேர்க்கும்போது

ஒரு திறமையை மட்டும் பழகுவது ஒன்று, நாலு பேராகச் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்ப்பது வேறு. இரண்டாவதுதான் சிமுலேஷன்; அதற்காக அமைக்கும் கற்பனைச் சூழல்தான் சினாரியோ.

நான் அடிக்கடி நடத்தும் ஒன்றைச் சொல்கிறேன். காலை ஆறு மணி, ஆண்கள் மெடிக்கல் வார்டு. 55 வயது ராஜமாணிக்கம், காலில் புண், சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். நேற்று இரவு சாப்பாடு பிடிக்கவில்லை என்று தட்டை ஒதுக்கிவிட்டார். இப்போது உளறுகிறார். நெற்றியில் தண்ணீர் தெளித்து வேர்வைபோல ஆக்கியிருப்போம். மகனாக ஒரு சீனியர் மாணவர் நடிப்பார்: "அப்பா ஏதோ மாதிரி பேசுறாரு சிஸ்டர், வாங்க!"

நாலு மாணவிகள் ஓடினார்கள். ஒருத்தி பிபி பார்த்தாள். ஒருத்தி இசிஜி மெஷினைத் தேடிப் போனாள். ஒருத்தி ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலைமை ஏற்றவள் "யாராவது சுகர் பாருங்க" என்று இரண்டு முறை சொன்னாள். நாலு நிமிஷம் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. மகன் அழ ஆரம்பித்தார். ஐந்தாவது நிமிஷத்தில்தான் குளுக்கோமீட்டர் வந்தது: 42.

'யாராவது' என்றால் யாரும் இல்லை. "திவ்யா, சுகர் பாரு" என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திவ்யா "சுகர் பார்க்கிறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், பார்த்ததும் "சுகர் 42" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். கேட்டது, செய்தது, முடிந்தது மூன்றும் காதில் விழ வேண்டும்.

70க்குக் கீழே போனாலே லோ சுகர். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உளறிக்கொண்டோ மயங்கியோ இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டு, லைன் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்).

சினாரியோவுக்கு முன்பே மாணவர்களிடம் மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பொம்மையில் என்னென்ன செய்ய முடியும், எதை வாயால் கேட்டால் நாங்கள் பதில் சொல்வோம், இங்கே நடந்தது இந்த அறையைத் தாண்டாது. கடைசி வாக்குறுதியை டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமிலும் காப்பாற்ற வேண்டும். ஒரு தடவை மீறிவிட்டால் அந்த பேட்ச் அதன்பிறகு நம் முன்னால் மனம்விட்டுத் தவறு செய்யாது.

பத்து நிமிஷச் சினாரியோ என்றால் டெப்ரீஃபிங்குக்கு (நடந்ததை உட்கார்ந்து அலசுவதற்கு) இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். கற்பது அங்கேதான் நடக்கிறது. முதலில் மனசில் இருப்பதைக் கொட்ட விடுங்கள். கை நடுக்கம் அடங்காமல் மூளை வேலை செய்யாது. பிறகு கேள்விகள். "ஏன் சுகர் பார்க்கல?" என்று கேட்டால் குனிந்த தலை நிமிராது. "வேர்த்திருந்ததைப் பார்த்ததும் உனக்கு என்ன தோணுச்சு?" என்று பிபி பார்த்தவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "பிபி இறங்குனா வேர்க்கும்னு போன வாரம் படிச்சோம் மேடம். அதுதான்னு முடிவு பண்ணிட்டேன்." அங்கேதான் முடிச்சு இருந்தது. சர்க்கரை நோயாளி, இரவு சாப்பிடவில்லை என்ற இரண்டு தகவலும் கார்டில் இருந்தன. போன வாரப் பாடம் அதை மறைத்துவிட்டது. இதை அவள் வாயாலேயே சொன்ன பிறகு, சர்க்கரை நோயாளி உளறினால் அவள் கை முதலில் எங்கே போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முடிந்தால் அதே சினாரியோவை உடனே இன்னொரு தடவை நடத்துங்கள். தோற்ற கையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

டாக்டருக்குப் போன் செய்வது

இதையும் லேபில் பழக வேண்டும். "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காரு, வாங்க சார்" என்றால் எந்த டாக்டரும் எதிர்க்கேள்விதான் கேட்பார். நான் யார், இப்போது என்ன, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும் என்கிற வரிசையில் சொல்லுங்கள்.

"சார், ஆண்கள் மெடிக்கல் வார்டுல இருந்து ஸ்டாஃப் திவ்யா பேசுறேன். பெட் 12 ராஜமாணிக்கம், 55 வயசு, உளறுறாரு, வேர்க்குது, சுகர் 42. டயாபடிக், ராத்திரி சாப்பிடல, இன்சுலின் போட்டிருக்கு. பிபி 130க்கு 80, பல்ஸ் 110. விழுங்குற நிலையில இல்ல, லைன் இருக்கு. டெக்ஸ்ட்ரோஸ் குடுக்கலாமா? எவ்வளவு? நீங்க உடனே வரணும் சார்."

இருபது விநாடிதான். டாக்டர் சொன்ன மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே போனை வையுங்கள்.

வார்டில் முதல் வாரம்

முதல் நாள் எதையும் செய்யத் துடிக்காதீர்கள். க்ரேஷ் கார்ட் (அவசர மருந்து, கருவிகள் வைத்த வண்டி) எங்கே, சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி) வேலை செய்கிறதா, ஆக்சிஜன் சிலிண்டர் சாவி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். இரண்டு நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

வைட்டல்ஸ் (பல்ஸ், பிபி, மூச்சு, காய்ச்சல்) எடுக்கும் வேலை உங்களிடம்தான் வரும். மூச்சு எண்ணிக்கையை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள், பல்ஸ் பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல். வார்டு முழுக்க எல்லாச் சார்ட்டிலும் 20 என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து நீங்களும் எழுதிவிடாதீர்கள். ஒருவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்பதை பிபிக்கு முன்னாலேயே மூச்சு சொல்லிவிடும். 28 என்று எண்ணினால் 28 என்று எழுதுங்கள், எழுதியதோடு நிற்காமல் சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில், ஆம்ப்யூலை (மருந்துக் குப்பியை) எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, காலி ஆம்ப்யூலைப் போடும் முன் என்று மூன்று முறை லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராகக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதன் ஆம்ப்யூல் வேறு மருந்துகளோடு கலந்து கிடப்பதைக் கண்டால் அப்போதே சொல்லுங்கள், ஸ்டூடண்ட் என்று தயங்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இரண்டே பேர்: இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) ஒருவர், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஒருவர். லேபில் ஆறு பேராகச் சேர்ந்து ஸ்பைன் போர்டில் (முதுகெலும்பு அசையாமல் படுக்கவைக்கும் பலகையில்) ஏற்றிப் பழகுகிறீர்கள். நிஜத்தில் நீங்களும் பைலட்டும், கூடிநிற்கும் கூட்டமும்தான். அதனால் பயிற்சி தெரியாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு, வாய்ச்சொல்லாலேயே வேலை வாங்கிப் பழகுங்கள். "அண்ணே, நீங்க இடுப்பைப் பிடிங்க. தம்பி, நீ முட்டிக்குக் கீழ. நான் தலையைப் பிடிச்சிருக்கேன், நான் சொன்னா மட்டும்தான் திருப்பணும். மூணு சொல்லும்போதே திருப்பறோம், சரியா?" 'மூன்று சொல்லும்போதா, சொல்லி முடித்த பிறகா' என்பதை முன்பே பேசிவைக்காவிட்டால் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பும்.

கட்டளை எப்போதும் தலையைப் பிடித்திருப்பவருடையது. ஹெல்மெட் கழற்றுவதும் இரண்டு பேர் வேலை: ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் தாங்க, மற்றவர் பக்கவாட்டில் விரித்துக் கழற்ற வேண்டும்.

இறங்கியதும் நோயாளியிடம் ஓடாதீர்கள். அறுந்த மின்கம்பி, கொட்டிய பெட்ரோல், எதிரே வரும் லாரி இவற்றைப் பார்த்த பிறகுதான். பீறிடும் ரத்தத்தை முதலில் நிறுத்துங்கள், பிறகு மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்று வரிசையாக.

ஓடும் வண்டியில் ஸ்டெத்தில் பிபி கேட்காது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை இறக்கி, நாடி திரும்பும் எண்ணைக் குறிக்கும் முறையை நின்ற இடத்தில் நூறு தடவை பழகிவிட்டு வண்டியில் ஏறுங்கள். குறுகிய மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அதையும் கல்லூரிக் கட்டடத்தின் பின்பக்கப் படியில் ஆளை வைத்தே பழகுங்கள். வெறும் மேனிகினைத் தூக்கிப் பழகியவருக்கு எண்பது கிலோ ஆளின் பாரம் புரியாது.

மருத்துவமனை வருவதற்கு முன்பே அவசரப் பிரிவுக்குத் தகவல் சொல்லுங்கள். அங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பார்கள். உங்கள் நோயாளி சிவப்பு என்று தெரிந்தால் வாசலிலேயே ஆள் நிற்பார்கள்.

பொம்மை இல்லாத கல்லூரியில்

விலை உயர்ந்த மேனிகின் எல்லா ஊரிலும் இருக்காது. குளியல் ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டி, பழைய ஐவி குழாயைப் பதித்து, சிவப்பு மை கலந்த தண்ணீர் நிரப்பி, மேலே கையுறை ரப்பரை இழுத்து ஒட்டினால் லைன் பழகக் கை தயார். ரத்தம் தெரியும் அந்த 'ஃப்ளாஷ்' அச்சு அசலாக வரும். நோயாளிக்கு ஒரு ஜூனியரை நடிக்க வையுங்கள். ஸ்பாஞ்சை அவர் கைமேல் கட்டிவிட்டால் 'ஆ, வலிக்குது' என்று கத்தவும் செய்வார். பொம்மை தராத பயிற்சி இது. நீங்கள் செய்வதைப் போனில் படம் பிடித்துப் பாருங்கள். லேபில் மட்டும்தான், வார்டில் போன் பையை விட்டு வெளியே வரக் கூடாது.

ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வுக்கும் இதே பயிற்சி போதும். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய முறை அது. எல்லோருக்கும் ஒரே செக்லிஸ்ட், ஒரே நேரம். 'தன்னை அறிமுகம் செய்தார், சம்மதம் கேட்டார்' என்ற வரிகள் அதில் மேலேயே இருக்கும்.

ஊசி குத்திவிட்டால்

பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களோ என்று மறைத்து, மூன்றாம் நாள் அழுதுகொண்டு வந்த மாணவியைப் பார்த்திருக்கிறேன். டீச்சர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் ஒரு கடுஞ்சொல் வேண்டாம்.

முதல் மரணம்

எந்த லேபும் இதற்குப் பழக்குவதில்லை. நேற்று "நல்லா படிம்மா" என்று சொன்னவர் இன்று காலை கட்டிலில் இல்லை என்றால் கால் நடுங்கும். அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் தனியாகப் போய் அழாதீர்கள்; டீச்சரிடமோ தோழியிடமோ பேசுங்கள். டீச்சர்கள் மாணவர்களை அங்கிருந்து விரட்டாமல், விருப்பப்பட்டால் கூட நிற்க விடுங்கள்.

நான் மாணவியாக இருந்தபோது ஒரு மூத்த சிஸ்டர் என்னைக் கூட நிறுத்திக்கொண்டார். திரையை இழுத்துவிட்டு, வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தார். லைனை எடுக்கும் முன் குனிந்து சொன்னார்: "ஐயா, ஊசிய எடுக்கிறேன்." முகத்தைத் துடைத்தார். "கொஞ்சம் திருப்பிப் படுக்க வைக்கிறோம்யா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறு பக்கம் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.